காபியை முதலில் விடுவதா, பச்சரிசியையா?



நல்ல நாள் பார்த்துக் கெட்ட பழக்கத்தை விடுவது நம் வீடுகளில் வழக்கம். தை முதல் தேதி, வருஷப் பிறப்பு, பிறந்த நாள், எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் ஒரு வெள்ளிக்கிழமை. "இன்றோடு சரி" என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டு வருவோம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால், இருக்கிற பழக்கங்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே வெள்ளிக்கிழமையில் தெருவில் போடப் பார்க்கிறோமே, வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று இதைப் பற்றித்தான். எழுதியவர் இரண்டு வயதுக் குழந்தையின் தாய். பெயர், ஊர் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள்:

"அக்கா, எனக்கு ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் காபி. எழுந்ததும் ஒண்ணு, டிபனோட ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு, சாப்பிட்டுக் கையைக் கழுவினதும் ஒண்ணு, ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தை தூங்கினப்புறம் ஒண்ணு. இன்னொண்ணு சொல்லவே வெட்கமா இருக்கு. மாசமா இருந்தப்போ ஆரம்பிச்ச பச்சரிசி மெல்லற பழக்கம் இன்னும் போகலை. அரிசி டப்பாவைத் திறந்தா ஒரு பிடி வாய்க்குள்ள போயிடும். நகம் கடிக்கிற பழக்கம் வேற. போன வெள்ளிக்கிழமை மூணையும் ஒரேயடியா விட்டேன். சனிக்கிழமை தலை பிளந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுமில்லாத விஷயத்துக்குக் குழந்தையை அடிச்சுட்டேன். அன்னிக்கு சாயங்காலமே காபியும் குடிச்சேன், அரிசியும் தின்னேன். 'மனசுல உறுதி இருந்தா விட முடியாதா?'ன்னு மாமியார் கேக்கறாங்க. எனக்கு உறுதியே கிடையாதாக்கா?"

இல்லை சகோதரி. உங்கள் உறுதியில் குறை இல்லை. எதை முதலில் தொடுவது, எதைப் பிறகு தொடுவது என்கிற கணக்கில்தான் கொஞ்சம் பிசகு. அகலக் கால் வைத்தால் யாருக்கும் சறுக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த இதழின் வேலை.

தலை ஏன் பிளந்தது?

காலையிலிருந்து நாம் உழைக்க உழைக்க, மூளையில் அடினோசின் என்று ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். "போதும், கொஞ்சம் உட்கார்" என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். காபியில் இருக்கிற காஃபின் என்ன செய்கிறது தெரியுமோ? அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு எங்கேயும் போகவில்லை. களைப்புச் செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. தினமும் இப்படியே நடந்தால், மூளையும் சும்மா இருக்குமா? கூடுதலாக நாற்காலிகளைப் போட்டுக்கொள்கிறது. திடீரென்று ஒருநாள் காபி வராவிட்டால், அத்தனை நாற்காலியிலும் அடினோசின் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலையில் ரத்தக்குழாய்கள் விரியும். தலைவலி, அசதி, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் சேர்ந்து வரும்.

இதற்குக் கால அட்டவணை கூட உண்டு. கடைசிக் காபி குடித்த 12 மணியிலிருந்து 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். 2 நாளிலிருந்து 9 நாளுக்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை விட்டவருக்குச் சனிக்கிழமை தலைவலி, ஞாயிற்றுக்கிழமை எரிச்சல். அட்டவணைப்படியே நடந்திருக்கிறது பாருங்கள்! அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட தன் கையேட்டில், காபியை நிறுத்துவதால் வரும் இந்தத் தொல்லையைத் தனியாகவே பெயரிட்டுச் சேர்த்திருக்கிறது. ஆக, இது பாசாங்கும் இல்லை, பலவீனமும் இல்லை. மாமியாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அந்த எரிச்சல் நேரத்தில் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளத் தவிக்கும். கைக்கு எட்டியது அரிசி டப்பா. மூன்றையும் ஒரே நாளில் விட்டவருக்குச் சாய்ந்துகொள்ள வேறு தூண் ஏது?

பச்சரிசிக்கும் காபிக்கும் என்ன உறவு?

இதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. பச்சரிசி, விபூதி, சாம்பல், அடுப்பு மண், சிலேட்டுக் குச்சி என்று தின்னத் தோன்றுவதை 'மசக்கை' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். குழந்தை பிறந்து இரண்டு வருஷம் ஆன பிறகும் மசக்கை ஏது? இந்த ஆசைக்கும் உடம்பில் இரும்புச்சத்து குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. ரத்தத்தில் இரும்புச்சத்து ஏற ஏற, அரிசி ஆசை தானாக அடங்கிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம்.

நம் நாட்டில் ரத்தசோகை என்ன கொஞ்சமா நஞ்சமா? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் மட்டும் பார்த்தாலும் பாதிக்கு மேல்.

இனி காபிக்கு வருவோம். கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்தை, காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புச் சத்துகள் பிடித்து நிறுத்திவிடுகின்றன. 1983-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தவர்களுக்கு இரும்புச்சத்து சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தவர்களுக்கு 64 சதவீதம்! சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே நஷ்டம்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் நஷ்டம் இல்லை.

டிபனோடு ஒன்று, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்று என்று எழுதியிருக்கிறாரே அந்தச் சகோதரி, அந்த இரண்டு டம்ளரும்தான் அரிசி டப்பாவுக்கு வழி காட்டுகின்றன. முருங்கைக்கீரை சமைத்து என்ன பயன், பின்னாலேயே காபி போய்த் தடுத்தால்? இன்னும் சிலர் டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையே காபியோடு விழுங்குகிறார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

நகமும் தூக்கமும்

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக் காபியில் பாதி, விடியற்காலை இரண்டு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும். படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கே தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு கண்டது. தூக்கம் குறைந்தால் மறுநாள் அசதி. அசதிக்கு மறுபடி காபி. காபியால் சிலருக்குப் படபடப்பு. படபடப்பில் விரல் வாய்க்குப் போகும், அல்லது செல்போனுக்குப் போகும், அல்லது முறுக்கு டப்பாவுக்குப் போகும். ஒரு பழக்கத்தின் வால் இன்னொன்றின் வாயில் இருக்கிறது!

ஆகையால் தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: முதலில் காபியைத்தான் தொட வேண்டும், ஆனால் விடக் கூடாது, குறைக்க வேண்டும். பச்சரிசிக்கு வைராக்கியம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். நகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வரைக்கும் குடிக்கலாம்?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம். இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. உங்கள் வீட்டு டிகாக்ஷன் எவ்வளவு திக்கு, பால் எவ்வளவு என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனாலும் நல்ல 'ஸ்ட்ராங்' காபி மூன்று டம்ளரிலேயே எல்லைக்கு வந்துவிடுவோம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் ஒரு மணி நேரம் பின்னும் காபி, டீ வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் விட்டால் இன்னும் நல்லது.

நாலு வாரத் திட்டம்

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். இன்றைக்கு எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு என்று மூன்று நாள் எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். காபி எந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

முதல் வாரம், ராத்திரி டம்ளரை மட்டும் நிறுத்துங்கள். அந்த நேரத்துக்குச் சுக்கு, மல்லி, பனங்கருப்பட்டி போட்ட சுக்குக் காபி வைத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் காபி, காஃபின் இல்லை. அதே டபரா, அதே டம்ளர், அதே சூடு இருக்கட்டும். கைக்கு வேண்டியது பாதி அதுதான். இந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கும் போய்விடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை; கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார்.

இரண்டாம் வாரம், டிபனோடு குடிக்கிற டம்ளரையும் சாப்பாட்டுக்குப் பிந்திய டம்ளரையும் சாப்பாட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். எழுந்ததும் குடிப்பதும் டிபன் காபியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம். டிபனோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ, கீரையில் நாலு சொட்டு எலுமிச்சம்பழமோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடலாம்.

மூன்றாம் வாரம், இருப்பதன் திக்கைக் குறையுங்கள். காபிப் பொடிப் பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். சிக்கரியில் காஃபின் கிடையாது. 80-க்கு 20 கலப்பு வாங்குகிறவர் 60-க்கு 40 வாங்கினால், அதே ஸ்பூன் பொடியில் கால் பங்கு காபி குறைந்துவிடும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது! ஒரு வேளைக்கு இரண்டாம் டிகாக்ஷனை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சரி.

நாலாம் வாரம், மிச்சமுள்ள டம்ளர்கள் இரண்டாக இருக்கட்டும், மத்தியானத்துக்குள் முடியட்டும். அடியோடு விட வேண்டும் என்பவர்கள் இதே வேகத்தில், நாலு நாளுக்கு அரை டம்ளர் என்று குறைத்துக்கொண்டே போகலாம். தலைவலி வந்தால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் நில்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: சில தலைவலி மாத்திரைகளிலேயே காஃபின் உண்டு. அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

அரிசி டப்பாவை இந்த நாலு வாரமும் மேல் தட்டில் வையுங்கள். அளந்து போடும் வேலையை வேறு யாராவது செய்யட்டும். கைக்கு எட்டுகிற இடத்தில் பொட்டுக்கடலை இருக்கட்டும். வாய்க்கு மெல்ல ஏதோ ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள், போதும். தூக்கம் சரியான பிறகு அந்தக் கச்சேரியைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் தவறிவிட்டால்? தவறிவிட்டது, அவ்வளவுதான். நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் தொடருங்கள். "போச்சு, இனிமே எதுக்கு" என்று மூட்டையை அவிழ்த்துக் கொட்டாதீர்கள். குழந்தையை அடித்துவிட்டதை நினைத்து அழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையை மடியில் வைத்து, "அம்மாவுக்குத் தலைவலி, அதனால கத்திட்டேன், நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை" என்று சொல்லுங்கள். இரண்டு வயதுக்கும் அது புரியும். டம்ளர் குறைக்கிற நாட்களைப் பற்றி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, சாயங்காலம் ஒரு மணி நேரம் குழந்தையை அவர்கள் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

வீட்டுக்காரர் சிகரெட்டை விடுகிறாரா?

இது மிக முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். சிகரெட் புகை, கல்லீரல் காஃபினை வெளியேற்றும் வேகத்தைக் கூட்டிவிடும். சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமாகக் குடித்த அதே காபி, ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபினாக நிற்கும். மனுஷர் தூக்கம் வராமல், கை நடுங்கி, எரிந்து விழுவார். "சிகரெட் இல்லாம முடியலை" என்று மறுபடி பெட்டிக்கடைக்குப் போவார். பாதிக் குற்றம் காபியினுடையது! அவர் சிகரெட்டை விடும் வாரத்தில் அவருடைய காபியைச் சத்தமில்லாமல் பாதியாக்கிவிடுங்கள். புகையிலை மெல்லுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இது புகை செய்கிற வேலை.

பெண்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டால் காஃபின் இரண்டு மடங்கு நேரம் உடம்பில் தங்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பாதி வெளியேறவே சுமார் 15 மணி நேரம். தாய்ப்பால் வழியாகக் கொஞ்சம் குழந்தைக்கும் போகும். பிறந்த சிசுவின் உடம்பில் பாதி குறைய மூன்று நாளுக்கு மேல் கூட ஆகும். குழந்தை ராத்திரியெல்லாம் முழித்து அழுதால், உரைமருந்தைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் டம்ளரை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் குடிக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 200-க்குள் நிறுத்தச் சொல்கிற டாக்டர்களும் உண்டு.

எல்லாப் பழக்கமும் ஒன்றல்ல

கடைசியாக ஒன்று. பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பது, மணிக்கணக்கில் கை கழுவுவது, முடியைப் பிய்த்துக்கொள்வது, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் நிறுத்த முடியாமல் அழுவது, இவையெல்லாம் காபியைக் குறைத்தால் போகிற பழக்கங்கள் அல்ல. இவற்றுக்கு வைத்தியம் உண்டு, குணமும் உண்டு. மனநல டாக்டரிடம் போவதற்குக் கூச்சப்பட வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்தால், செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம். குடிப்பழக்கம், தூக்க மாத்திரைப் பழக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவே கூடாது, அது ஆபத்து.

காபி ஒன்றும் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வந்த சீதனம் இல்லை. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் பல வீடுகளில் விடிந்ததும் பழைய சோறும் நீராகாரமும்தான். மெல்ல மெல்ல வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்த விருந்தாளி. அதை மெல்ல மெல்லத்தான் எழுப்ப வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் சண்டைக்கு வரும். திண்ணை வரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தால் அதுவும் சரிதான். எத்தனை டம்ளர் என்பதை அது சொல்லாமல் நீங்கள் சொன்னால் போதும்.

நாலு வாரத் திட்டத்தை முயன்று பார்த்த சகோதரிகள், பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அடுத்த இதழில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் காலை டிபனைத் தொடாமல் ஓடுவதைப் பற்றிப் பேசுவோம்.